கழுத்துக்குக் கீழே இன்னொருத்தி

பம்பலப்பிட்டிச் சந்தியைத் தாண்டிய பிறகுதான் காலில் கிடப்பது என் செருப்பு இல்லை என்று தெரிந்தது. நல்ல தோல் செருப்பு. எனக்கு ஒரு விரல் அளவு நீளம். நடக்க நடக்கக் குதிக்காலில் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. மண்டப வாசலில் குவிந்து கிடந்தவற்றில் கால் நுழைந்ததை மாட்டிக்கொண்டு வெளியேறியிருக்கிறேன். திரும்பிப் போய் மாற்றியிருக்கலாம். ஆனால் வெள்ளவத்தையில் அந்த மண்டபத்துக்குள் இன்னொரு தடவை நுழைவதைவிடக் என் அறை இருக்கும் கொட்டாஞ்சேனைவரை வெறுங்காலோடு நடப்பது மேல் என்று இருந்தது. செருப்பின் சொந்தக்காரர் லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்தவராக இருப்பார். அவருக்கு வேறு கிடைக்கும்.

பஸ்ஸில் ஏறவில்லை. சாப்பிட்ட பாயசம் நெஞ்சில் நின்று புளித்துக்கொண்டிருந்தது. நெரிசலுக்குள் ஏறினால் யார் மேலாவது வாந்தி எடுத்துவிடுவேன் என்று பயம். நடந்தால் அடங்கும். எனக்கு எப்போதும் அப்படித்தான். ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு நடக்கத் தொடங்கியவன். ஹட்டனில் பேக்கரி, கண்டியில் லொறி, இரத்மலானையில் தொழிற்சாலைச் சுவர்களுக்குப் பெயின்ட், புறக்கோட்டையில் மூட்டை. எந்த இடத்திலும் கால் பாவியதில்லை. ஒரே கூரைக்குக் கீழே பல வருஷம் இருந்தது என் மனைவியோடு மட்டும்தான். அவள் போய் அன்றோடு முப்பத்தொரு நாள்.

கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும் ஒரு சின்னப் புத்தகமும். வந்த எல்லோருக்கும் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள், நானும் ஒரு விருந்தாளி மாதிரி.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆள் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அன்று சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்கு, இறந்தவரைப் பற்றி ஒரு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். சிலர் கல்வெட்டு என்பார்கள், சிலர் நினைவு மலர் என்பார்கள். முகப்பில் படம். உள்ளே வாழ்க்கை வரலாறு. அதற்குப் பிறகு கணவன் புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று பாட்டுகள். நடுவில் தேவாரம், கடைசியில் நன்றி. நான் மலைநாட்டுக்காரன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் செத்துப்போன யாரைப் பற்றியும் யாரும் ஒரு வரி அச்சடித்ததில்லை. என் அம்மா செத்தபோது தப்படித்தார்கள், குழி தோண்டினார்கள், மறுநாள் கொழுந்து எடுக்கப் போனார்கள். ஆகவே அவளுக்குப் புத்தகம் வருகிறது என்று அவளுடைய அண்ணன் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? என் மனைவியைப் பற்றி ஒரு புத்தகம்.

அந்தப் பெருமையை நினைத்தபோதுதான் எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

காலையில் கடற்கரையில் கிரியை. அதற்கு மட்டும் நான் தேவைப்பட்டேன். ஐயர் சொன்னதையெல்லாம் சொன்னேன். கடலில் யாரோ வீசிய பொலித்தீன் பைகளும் தேங்காய்ப் பாதிகளும் அலையோடு வந்து காலில் ஒட்டின. பின்னால் ரயில் போனது. அண்ணனின் மகள் கைபேசியை உயரத்தில் பிடித்துக் கனடாவுக்கு எல்லாவற்றையும் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீரில் முங்கி எழும்பியபோது கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொன்னாள்.

பிறகு மண்டபம். நனைந்த வாழையிலை வாடை, சாம்பார் வாடை, ஏசி வேலை செய்யாததால் வியர்வை வாடை. ஒருவருக்கு வெள்ளவத்தையில் மாடி வீடு வாங்கிய கதை, இன்னொருவருக்கு விசா கதை. எனக்கு எதிரே இருந்தவர் சூடான பாயசக் கோப்பையை வைக்க இடமில்லாமல் புத்தகத்தைக் கீழே போட்டு அதன்மேல் வைத்தார். கோப்பையை எடுத்தபோது அவள் முகத்தைச் சுற்றி வட்டமாக ஒரு ஈரம். அவர் மனதறிந்து செய்யவில்லை. விசிறவும் அதைத்தான் எல்லோரும் பயன்படுத்தினார்கள். அப்போதுதான் என் பிரதியை எடுத்துச் சரியாகப் பார்த்தேன்.

முகம் அவளுடையது. அடையாள அட்டைக்கு எடுத்த படத்திலிருந்து வெட்டி எடுத்தது. அந்தப் படத்தில் அவளுடைய இடது கன்னத்தில் இருந்த மருவை அழித்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே வேறொருத்தி. பச்சைப் பட்டுச் சேலை, அட்டியல், மடியில் மடித்து வைத்த கொழுத்த கைகள், அவற்றில் மோதிரங்கள். என் மனைவியின் கைகளை எனக்குத் தெரியாதா? வலது பெருவிரலின் அடியில் கத்தி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன தடிப்பு இருக்கும்.

வாழ்க்கை வரலாற்றில் அவள் ‘அடக்கமே அணிகலனாகக் கொண்ட இல்லத்தரசி’ என்று இருந்தது. நான் ‘மலையகத்தின் பிரபல வர்த்தகர்’. என்ன விற்றேன் என்று போடவில்லை. வாழ்நாள் முழுவதும் சைவ உணவே உண்டாளாம். சூடை மீன் பொரித்து முள்ளோடு மென்றவள் அவள். பக்கத்தைப் புரட்டினேன். ‘கணவன் புலம்பல்.’

கார்மேகக் கூந்தலாளே கண்ணின் மணியே
பார்மீது எனைவிட்டுப் பறந்ததேனோ
சீர்மேவும் மக்களெல்லாம் சிந்தை நொந்து
நீர்சோரக் கதறுவதை நீ கேளாயோ

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கடைசி மாதங்களில் மருந்து ஏற்றி ஏற்றி அவள் தலையில் ஒரு முடி இல்லை.

அவளுடைய அண்ணன் பந்தியைப் பார்வையிட்டுக்கொண்டு வந்தார். எழும்பி நின்று அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

“இது நான் சொல்லலைங்க மச்சான்.”

“நீர் சொன்னதெண்டு ஆர் சொன்னது? உது ஒரு வழமை. எல்லாருக்கும் போடுறதுதான்.”

“எம் பேருல போட்டிருக்கு.”

“பின்னை ஆற்றை பேரில போடுறது? மெல்லமாக் கதையும், கமெரா ஓடுது.”

அவள் டியூஷன் வகுப்பில் வேலை செய்ததையாவது போட்டிருக்கலாமே என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். அன்பாகத்தான். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, வாயை என் காதுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். வெற்றிலை வாடை அடித்தது.

“என்னெண்டு போடுறது? வாங்கு துடைச்சவள், பெஞ்சு கழுவினவள் எண்டே? என்ர சம்பந்தி வீட்டாக்களும் உதைப் பாப்பினம். அவள் என்ர தங்கச்சி. இருந்து சாப்பிடும்.”

அதற்குமேல் நான் சாப்பிடவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு கடை நிழலில் நின்று புத்தகத்தை மறுபடி புரட்டினேன். ஒவ்வொரு பக்கமும் வழவழவென்று, மீன் செதிலைத் தொடுவது போல. கடைசி அட்டையின் அடியில் சின்ன எழுத்தில் அச்சகத்தின் பெயர். கொட்டாஞ்சேனை. எங்கள் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அந்தக் கடையின் முன்னால் எத்தனையோ தடவை நானும் அவளும் மரக்கறிப் பையோடு நடந்து போயிருக்கிறோம். கல்யாண அட்டைகள் கண்ணாடிக்குள் தொங்கும். அவள் நின்று பார்ப்பாள்.

அப்போது ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அவளைப் பற்றி இந்த உலகத்தில் அச்சில் வந்தது இது ஒன்றுதான். இனியும் வராது. இது இப்படியே கிடந்தால் என் மனைவி இருந்தாள் என்பதற்கு அத்தாட்சியாகப் பச்சைச் சேலைக்காரி ஒருத்திதான் மிஞ்சுவாள். நானும் ஒரு நாள் போய்விடுவேன். அதற்குப் பிறகு யார் அந்தக் கூந்தலை இல்லை என்பது?

காலிமுகத் திடல் வழியாகப் போனேன். இறால் வடையும் பழைய எண்ணெயும் மணத்தன. சோடிகள் குடைக்குள் இருந்தார்கள். கோட்டையைத் தாண்டிப் புறக்கோட்டைக்குள் நுழைந்தால் மரக்கறிக் குவியலிலிருந்து விழுந்து அழுகின கோவா இலைகளில் கால் வழுக்கியது, செருப்பு நீளமாக இருந்ததால் விழப் பார்த்தேன். மூட்டை தூக்கும் நாட்டாமை ஒருவன் சிங்களத்தில் “பலாகென யன்ன” என்று திட்டிக்கொண்டே கையைப் பிடித்து நிறுத்தினான். பார்த்துப் போகச் சொல்கிறான். ஒரு காலத்தில் நானும் அந்த இடத்தில் மூட்டையோடு நின்று வேட்டி கட்டினவர்களைத் திட்டியிருக்கிறேன்.

அவளை நான் பார்த்ததே ஒரு திட்டில்தான். வெள்ளவத்தையில் அந்த டியூஷன் வகுப்புக்குப் பெயின்ட் அடிக்கப் போயிருந்தேன். அவள் கூட்டிக் கழுவுகிற ஆள். நான் ஏணியில் நிற்க, கீழே தரையில் விழுந்த சொட்டுகளைக் காட்டி, இதைக் கொம்மாவா வந்து துடைப்பது என்று கேட்டாள். இறங்கித் துடைத்தேன். யுத்தத்தில் ஊரையும் உறவையும் விட்டு வந்து, அண்ணன் வீட்டில் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தவள், ஒரு நாள் அங்கிருந்தும் வெளியேறி இந்த வேலையைத் தேடிக்கொண்டவள். என்னைக் கட்டியதற்குப் பிறகு அண்ணன் அவளோடு கதைக்கவில்லை. செத்த பிறகுதான் தங்கச்சி ஆனாள்.

அச்சகத்தின் முதலாளி முஸ்லிம் மனிதர். தாடியில் மருதாணிச் சிவப்பு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கணினிக்கு முன்னால் இருந்தார். என் வேட்டியையும் பையையும் பார்த்ததும் எந்த வீட்டு ஆள் என்று விளங்கிவிட்டது.

“வாங்கண்ணே. என்ன, எழுத்துப் பிழை ஏதும் விட்டீக்கா?”

“எழுத்தெல்லாம் சரிங்க. ஆளுதான் பிழை. இது எம் பொண்டாட்டி இல்லைங்க.”

அவர் பயந்துபோனார். வேறு வீட்டுப் படத்தை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று நினைத்திருப்பார். அவசரமாகக் கணினியில் தேடி எடுத்து, பெயரைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, பெருமூச்சு விட்டார். முகம் அவர்கள் கொடுத்ததுதானே என்றார். முகம் சரி, கழுத்துக்குக் கீழே யார் என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னார். அந்தச் சேலை எல்லோருக்கும் போடுவதாம். கொண்டு வருகிற படங்கள் எல்லாம் அடையாள அட்டைப் படங்கள், இல்லாவிட்டால் கல்யாண வீட்டில் நாலு பேருக்கு நடுவில் வாயில் சோற்றோடு நிற்கிற படங்கள். அதை அப்படியே போட்டால் வீட்டுக்காரர் ஏசுவார்கள். அதனால் பட்டுச் சேலை பச்சையிலும் சிவப்பிலும் வைத்திருக்கிறார். ஆண்களுக்குக் கோட்டு, வேட்டி சால்வை. மேசைக்கடியிலிருந்து பழைய பிரதிகளை எடுத்துக் காட்டினார். யாரோ ஒரு அம்மா, பச்சைச் சேலை, அதே மோதிரம். இன்னொரு ஆசிரியை, அதே சேலை, அதே மடித்த கைகள். செத்தவர்கள் எல்லோரும் ஒரே உடம்பைக் கடன் வாங்கிக்கொண்டு முறைத்துப் பார்த்தார்கள்.

“இந்தப் பொம்பள யாருங்க?” என்றேன்.

“அல்லாதான் அறிவான். பழைய சீடி ஒண்டுல வந்தது. உசிரோட ஈக்கிறாவோ என்னமோ.”

புலம்பலும் அப்படித்தான். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மக்களுக்கு ஒன்று. பெயரை மட்டும் மாற்றுவது. பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு அந்த வரியை எடுக்க மறந்துவிட்டது தன் பிழைதான் என்று ஒத்துக்கொண்டார். கூந்தல் பற்றி அவருக்குத் தெரியாது. நான் சொன்னதும் தாடியைத் தடவிக்கொண்டார்.

“எங்கட ஆக்களுக்கு இந்த வழக்கமே இல்லண்ணே. ஆள் மவுத்தானா கபன் துணி சுத்தி அடக்கிட்டு துவா கேக்குறதுதான். இது ஒங்கட ஆக்கள் கேக்குறது, நான் அடிச்சுக் குடுக்குறன். அப்ப எப்பிடித்தான் எழுதோணும் எண்டு செல்றீங்க?”

கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கழிவுத் தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவி, பேனையோடு என் முன்னால் வைத்தார்.

“நான் அஸர் தொழுகைக்குப் போயிட்டு வாறன். நீங்களே எழுதி வைங்க, பாப்போம். கடையையும் பாத்துக்கோங்க.”

முன்பின் தெரியாத ஒருவனிடம் கடையை விட்டுவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தாளின் பின்பக்கத்தில் வேறு யாருடைய புலம்பலோ இருந்தது. வெறும் பக்கத்தைத் திருப்பி வைத்து எழுதத் தொடங்கினேன். நான் கடைசியாக எழுதியது எப்போது என்று நினைவில்லை. பெயின்ட் கணக்கு, சீமெந்துக் கணக்கு, ஆஸ்பத்திரியில் கையெழுத்து. வாசிப்பேன். வடை சுற்றி வரும் பேப்பரையும் விடமாட்டேன். ஆனால் எழுதினவன் இல்லை. கை தானாகப் போனது. போய் நின்ற இடத்தைப் பார்த்தால், ‘அன்பின் உறைவிடமாகவும் பண்பின் சிகரமாகவும் திகழ்ந்த என் அருமை மனைவி’.

அந்த அண்ணனைச் சொல்லி என்ன? என் கையிலிருந்தும் அதே சாமான்தான் வந்தது. அவளோடு அத்தனை வருஷம் படுத்து எழும்பியவன் நான். எனக்குள்ளும் பச்சைச் சேலைதான் மடித்து வைத்திருந்தது.

அடித்தேன். அதன் கீழே அவளுடைய அண்ணனைப் பற்றி எழுதினேன். அது வேகமாக வந்தது. அவருடைய வெற்றிலை, அவருடைய சம்பந்தி, அவருடைய கமெரா. அரைப் பக்கம் நிறைந்த பிறகு வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் அவள் இல்லை. அவளுக்கு ஒதுக்கின தாளிலும் அந்த மனிதரைத்தான் கொண்டுவந்து இருத்தியிருக்கிறேன். அதையும் அடித்தேன்.

பின்னால் வெட்டும் இயந்திரத்தில் பசை காய்ந்த வாடை. அந்த வாடையில்தான் சுவிங்கம் நினைவுக்கு வந்தது. தாளில் மீதி இருந்த இடத்தில் எழுதியது இது. இன்னும் என்னிடம் இருப்பதால் அப்படியே தருகிறேன்.

‘அவள் டியூஷன் வகுப்பில் வேலை செய்தாள். சனி ஞாயிறு மாலையில் பிள்ளைகள் போன பிறகு வாங்குகளைக் கவிழ்த்துப் போட்டு, கீழே ஒட்டியிருக்கும் சுவிங்கத்தைக் கத்தியால் சுரண்டுவாள். நாளைக்கு டாக்குத்தரா வரப்போறதுகள், இண்டைக்கு எச்சிலை ஒட்டிப்போட்டுப் போகுதுகள் என்று ஏசுவாள். ஏசிக்கொண்டே எந்த வாங்கில் இருந்த பிள்ளை சோதனையில் சித்தி பெற்றது என்று விசாரிப்பாள். பாஸ் என்றால் அந்த வாங்கை இரண்டாம் தரம் துடைப்பாள். சூடை மீன் பிடிக்கும். யார் வந்தாலும் எழும்பி நிற்கமாட்டாள். கன்னத்தில் மரு. தலைமுடி கொட்டத் தொடங்கியதும் மிச்சத்தையும் என்னைச் சிரைக்கச் சொன்னாள். கண்ணாடியில் பார்த்து, நேர்த்தி வைச்சு மொட்டை போட்ட ஆள் மாதிரிக் கிடக்கு, எந்தக் கோயில் எண்டுதான் தெரியேல்லை என்றாள். கடைசியில் வாளியில் வாந்தி எடுப்பாள். நான் கொண்டுபோய் ஊற்றுவேன். எனக்கு அருவருப்பாக இருக்கும், முகத்தைக் காட்டமாட்டேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூக்கைப் பொத்துங்கோப்பா, நான் குறை நினைக்கமாட்டன் என்றாள். பிறகு பொத்திக்கொண்டுதான் ஊற்றினேன்.’

அவ்வளவுதான் இடம் இருந்தது. பேனையை வைத்தபோது வயிறு அடங்கியிருந்தது. நடக்கவேண்டும் என்ற அரிப்பும் காலில் இல்லை. அதை நான் உடனே கவனித்தேன், ஏனென்றால் அந்த அரிப்பு இல்லாமல் நான் ஓரிடத்தில் இருந்த நேரங்கள் குறைவு.

முதலாளி வந்து தாளை வாங்கி நின்றபடியே வாசித்தார். அடித்ததையும் சேர்த்து வாசித்தார். அண்ணனைப் பற்றிய இடத்தில் வாய் ஓரத்தில் சிரித்தார். கடைசிவரை போய்விட்டு, மறுபடி மேலே வந்தார்.

“அந்த கிளாஸ் எது? வெள்ளவத்தைல ரோட்டுக்கு உள்ளுக்குப் போற மாடியா?”

“அதுதாங்க.”

“எங்கட மகள் அதுக்குத்தான் போனது.” தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வாய்ல எந்த நேரமும் சுவிங்கம்.”

அவர் தாளை மேசையில் அழுக்கில்லாத இடமாகப் பார்த்து வைத்து, அதன்மேல் கண்ணாடியை வைத்தார். பிறகு, இப்படி எழுதினால் ஒரு வீட்டுக்காரரும் அச்சடிக்க வரமாட்டார்கள் என்றார். வாந்தி, மொட்டை, எச்சில். காசு கொடுத்து யார் இதைச் சபையில் கொடுப்பது? அது எனக்கும் தெரியும் என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அவர் என் கால்களைப் பார்த்தார். செருப்பைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

“எங்கிருந்து நடந்து வாறீங்க?”

வெள்ளவத்தை என்றேன். வேட்டியோடா என்றார். வேட்டியோடுதான்.

விஷயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவருக்கு வாழ்க்கை வரலாறு எழுதித் தந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். செத்த வீடுகளுக்குப் போய் விசாரித்து எழுதி வருவார். முழங்கால் போய்விட்டது. மாடி வீடுகளில் ஏற முடியாது. போனில் கேட்டு எழுதப் பார்த்தார். போனில் ஒருவரும் சரியாகச் சொல்வதில்லை. அதனால்தான் இந்த ரெடிமேட் எல்லாம் கூடிப்போனது. நடக்கிற ஆள் ஒருவர் வேண்டும்.

“எழுத்துக்காகச் செல்லல்லண்ணே. எழுத்த நான் பாத்துக்குவன். ஒங்கட காலுக்காகத்தான் கேக்குறன்.”

எனக்கு அது பிடித்திருந்தது. எழுத்துக்காகக் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை, செத்த வீட்டுக்காரர் காத்திருக்கமாட்டார்கள், காலையில் வந்தால் தெமட்டகொடையில் ஒரு வீடு இருக்கிறது என்றார்.

“ஒரு ஆசை இருக்குங்க,” என்றேன். “இந்தத் தாள்ல உள்ளத அச்சடிக்கணும். சேலை வேணாம். படம் நான் தர்றேன்.”

“எத்தன பேருக்குக் குடுக்க?”

“யாருக்கும் இல்லைங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பெரிய தாள்களை வெட்டும்போது ஓரத்தில் துண்டுகள் மிஞ்சும், அதில் அடித்துத் தரலாம் என்றார். என் கைபேசியில் இருந்த படத்தை அவருக்கு அனுப்பினேன். கவிழ்த்த வாங்கின்மேல் கால் நீட்டி, கையில் கத்தியோடு, படம் எடுக்காதே என்று வாயைத் திறந்தபடி இருக்கிறாள். மரு தெரிகிறது.

மறுநாள் காலையில் வேட்டியில்லாமல் நீளக்காற்சட்டையோடு போனேன். செருப்பு மட்டும் அதே செருப்புதான், வேறு இல்லை. துண்டுகள் தயாராக இருந்தன. நீளமாக, ஒடுங்கலாக, பஸ் டிக்கெட்டைப் பெரிதாக்கினது மாதிரி. வழவழப்பு இல்லாத தாள். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன், மை வாடை மட்டும்தான். பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு மூடினேன். அந்தப் பெட்டிக்கு அப்படி ஒரு பயன் வந்தது.

தெமட்டகொடையில் ரயில் பாதையை ஒட்டின வீடு. ரயில்வேயில் பெட்டிகளைக் கோர்க்கிற வேலை செய்தவர் இறந்திருந்தார். எங்களைப் போல மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம். அவர்களுக்கு இந்தப் புத்தக வழக்கம் இல்லை. பக்கத்து வீடுகளைப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. மகன் வாசலிலேயே என்னை மறித்து, எல்லாம் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னான். ரயில்வே அதிகாரி, அன்பானவர், பண்பானவர், பக்தி மிக்கவர். வேறு என்ன வேண்டும் என்று கேட்டான். வேறு ஒன்றும் இல்லாவிட்டால் நான் போய்விடலாம் என்பது அவன் எண்ணம். பாவம், அவனுக்கும் நித்திரை இல்லை.

உள்ளே அவன் அம்மா சுவரில் சாய்ந்து இருந்தார். யன்னலுக்கு வெளியே வடிகால். வீட்டில் அந்த வாடை. நான் மூக்கைச் சுளித்தேனோ என்னவோ, அந்த அம்மா யன்னலைச் சாத்தப் போனார். வேண்டாம் என்றேன். நிலத்தில் உட்கார்ந்து தாளை மடியில் வைத்தேன். முதலாளி சொல்லித் தந்த கேள்விகள் இருந்தன. பிறந்த இடம், பெற்றோர், கல்வி, உத்தியோகம். அவற்றை விட்டுவிட்டேன்.

“அவருக்கு என்னம்மா பிடிக்காது?”

அந்த அம்மா மகனைப் பார்த்தார். அவன் இதெல்லாம் எதற்கு என்றான். வெளியே ரயில் பெட்டிகள் மோதும் சத்தம் வந்தது.

“அந்தச் சத்தந்தான்,” என்றார். “வேலையில அதையே கேட்டுட்டு வருவாரு. வீட்டுல சட்டி மூடி விழுந்தாக்கூட ஏசுவாரு. அம்புட்டு வருசமும் நான் சத்தமில்லாமத்தான் சமைச்சேன். மூடிக்குக் கீழ துணி வச்சு.”

“அம்மா, அதெல்லாம் போட வேணாம்,” என்றான் மகன்.

“நீ சும்மா இரு,” என்றார் அவர். “எழுதிக்கிங்க ஐயா.”

எழுதிக்கொண்டேன்.